கதிருக்குத் துணையாகும் மருந்து

கருப்பை வாயில் தோன்றும் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள், வாரத்திற்கு ஒருமுறை ஒரு மருந்தையும் நரம்பின் வழியே ஏற்றுகின்றனர். கதிரே நோயைக் கொல்லுமானால் மருந்து எதற்கு? மருந்தே கொல்லுமானால் கதிர் எதற்கு? நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் இக்கேள்வி நியாயமான கேள்வி. விஞ்ஞானம் பயிலும் மாணவர்களாகிய நம்மிடம் கேட்டால், "இரண்டும் சேர்ந்தால் பலம் அதிகம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். அப்படித் தப்பித்துக்கொள்வதால் விளையும் கேடு சிறிதன்று என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். நம் நாட்டில் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுக்கு அடுத்த இடத்தில் நிற்பது இது. 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி அவ்வோராண்டில் இந்தியாவில் புதிதாக நோய் கண்டவர் ஏறத்தாழ 1,27,000 பேர். இறந்தவர் ஏறத்தாழ 80,000 பேர். காரணம் பாப்பிலோமா என்னும் வைரசு. இதனை நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். வைரசு புகுந்து புற்றாக முதிர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே தடுப்பூசியால் தடுக்கவும், எளிய சோதனையால் முன்கூட்டியே கண்டுகொள்ளவும் வழி உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையை நடத்தியதில், இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆயினும் நம் மருத்துவமனைகளுக்கு வருவோரில் நோய் முற்றிய பின் வருவோரே மிகுதி. வெள்ளைப்படுதலையும் இரத்தப்போக்கையும் வாய்விட்டுச் சொல்ல நாணி, மாதவிடாய் நிற்கும் வயதின் கோளாறென்று எண்ணி, ஓராண்டு ஈராண்டு கடத்திவிடுகிறார்கள். அதற்குள் புற்று இடுப்பெலும்பின் சுவர்வரை பரவியிருக்கும். சிறுநீர்க் குழாயையும் நெருக்கியிருக்கும். இதனை மூன்றாம் நிலை என்பர். அந்நிலையில் கத்திக்கு இடமில்லை. கதிரே முதன்மையான சிகிச்சை.

நம் பக்கத்தில் இதற்குக் "கரண்ட்டு வைத்தல்" என்று பெயர். தெலுங்கிலும் அதே பெயர்தான். இரு மொழியாரும் சேர்ந்து செய்த பிழை! மின்சாரம் உடம்பில் பாய்ந்து உள்ளுறுப்புகளைச் சுட்டுவிடும் என்று நம்பி அஞ்சுவோர் பலர். கணக்கிட்டுப் பார்ப்போம். கதிரை அளக்கும் அலகு கிரே. ஒரு கிலோகிராம் தசையில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் அது ஒரு கிரே. நாளொன்றுக்கு 2 கிரேக்கு மிகாமல், வாரத்திற்கு 5 நாளாக, 5 வாரத்தில் 45 முதல் 50 கிரே வரை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். அந்த 50 கிரேயையும் ஒரே நொடியில் கொடுத்தாலும் உடம்பின் வெப்பம் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கே உயரும். ஒரு மிடறு காப்பி இதைவிட அதிகமாகச் சுடும். ஆக, கதிர் சுட்டுக் கொல்லவில்லை.

பின் எவ்வாறு கொல்கிறது? உயிரணுவில் பெரும்பகுதி நீர். கதிர் பாயும்போது நீர்மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சில் என்னும் துடிப்பு மிக்க துண்டு பிறக்கிறது. அது அருகிலுள்ள டி.என்.ஏ. இழையைத் தாக்குகிறது. ஒரு கிரே கதிர் ஓர் உயிரணுவில் ஏறத்தாழ ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளையும் இருபது முதல் நாற்பது வரை இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்கும். ஒற்றை முறிவை உயிரணு எளிதாகத் தைத்துக்கொள்ளும். எதிர் இழை அச்சாக இருக்கிறதல்லவா? இரண்டு இழையும் ஒரே இடத்தில் முறிந்தால்தான் இடர்ப்பாடு. தைக்க முடியாத முறிவுகளோடு பிளவுபட முயலும் உயிரணு மாண்டுபோகிறது. நல்ல உயிரணுவும் முறிகிறது என்பது உண்மையே. ஆனால் அது பெரும்பாலும் அடுத்த நாளைக்குள் சீர்செய்துகொள்கிறது; புற்று உயிரணு அவ்வளவு நேர்த்தியாகச் செய்வதில்லை. அன்றாடம் சிறிது சிறிதாகக் கொடுப்பதன் காரணம் இதுவே.

இவ்விடத்தில்தான் காற்று வருகிறது. காற்றுத் தலம் என்று பெயர்பெற்ற திருக்காளத்தியில் வாழ்பவன் பிராணவாயுவைப் பற்றிச் சற்று நீட்டி எழுதினால் நண்பர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

ஹைட்ராக்சில் தாக்கியவுடன் டி.என்.ஏ.யில் உண்டாகும் காயம் நிலையானதன்று. கணப்பொழுதில் உயிரணுவிலுள்ள வேறு பொருள்கள் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அதை ஆற்றிவிடக்கூடும். அதற்கு முன் பிராணவாயு அக்காயத்தோடு கூடிவிட்டால் காயம் நிலைபெற்றுவிடும். எங்கள் ஊர்க் கலம்காரியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடுக்காயும் பாலும் கலந்து ஊறவைத்த துணியில், சிவப்பு வேண்டிய இடங்களில் மட்டும் படிகாரக் கரைசலை எழுதுகோலால் தீட்டுவார்கள். பின்னர் சாயநீரில் இட்டுக் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் சாயம் ஊன்றி நிற்கும். படாத இடத்தில் ஆற்றுநீரில் அலசும்போது போய்விடும். படிகாரத்திற்குத் தனியே சிவப்பு நிறம் இல்லை. ஆயினும் அஃதின்றிச் சிவப்பு நிற்காது. கதிர் செய்யும் காயத்திற்குப் பிராணவாயுவே படிகாரம். பிராணவாயு நிறைந்த உயிரணுவைக் கொல்ல ஒரு பங்கு கதிர் போதுமானால், அஃதில்லாத உயிரணுவைக் கொல்ல ஏறத்தாழ மூன்று பங்கு வேண்டும்.

இதனை 1950-களில் அளந்து நிறுவியவர் ஆங்கில அறிஞர் கிரே. அலகுக்குப் பெயர் தந்தவர் அவரே. அவரும் தாம்லின்சன் என்பவரும் 1955-இல் நுரையீரல் புற்றின் மெல்லிய சீவல்களை நுண்பெருக்கியில் ஆராய்ந்தனர். இரத்தக் குழாய்க்கு அருகில் புற்று உயிரணுக்கள் செழித்திருந்தன. ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரான் தொலைவுக்கு அப்பால், அதாவது இரண்டு மூன்று தலைமயிர்களின் பருமனளவு தள்ளி, அவை செத்துக் கிடந்தன. பிராணவாயு அதற்குமேல் ஊடுருவிச் செல்ல முடியவில்லை. உயிருள்ள பகுதிக்கும் செத்த பகுதிக்கும் இடைப்பட்ட எல்லையில், மூச்சுத் திணறிக்கொண்டே உயிர்வாழும் உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகித்தனர். கதிருக்கு எளிதில் மடியாதவை அவையே. கருப்பை வாய்ப் புற்று பெருங்கட்டியாக வளரும்போது இத்தகைய பகுதிகள் அதில் நிறைய உண்டு.

அவ்வளவுதான், நாற்பது ஆண்டுக்காலம் விஞ்ஞானிகள் பிராணவாயுவைத் துரத்தினார்கள். நோயாளியை மூன்று மடங்கு காற்றழுத்தமுள்ள தொட்டியில் படுக்கவைத்துப் பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்து கதிர் கொடுத்துப் பார்த்தார்கள். ஓரளவு பயன் தெரிந்தது. ஆனால் நாள்தோறும் நூறு பேர் வந்து நிற்கும் மருத்துவமனையில் இது நடக்கிற காரியமா? பின்னர், பிராணவாயுவின் வேலையைச் செய்யக்கூடிய மருந்துகளைத் தேடினார்கள். மிசோனிடசோல் என்பது சோதனைக் குழாயில் அருமையாக வேலை செய்தது. நோயாளிகளிடத்தில் போதிய அளவு கொடுப்பதற்குள் கைகால் நரம்புகளைக் கெடுத்தது. அதன் உறவினமான நிமோரசோல் டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுகளுக்குப் பயன்பட்டு வருகிறது. பிராணவாயு இல்லாத உயிரணுவை மட்டும் தேடிக் கொல்லும் டிரப்பசமைன் மீது பெரும் நம்பிக்கை வைத்திருந்தனர். கருப்பை வாய்ப் புற்றில் அது கூடுதல் பயன் ஒன்றும் தரவில்லை என்று 2014-இல் முடிவு வெளிவந்தது.

கதிரோடு மருந்தைச் சேர்ப்பது என்னும் எண்ணத்திற்குத் தமிழ்நாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. நம்மவர் பலர் அறியாதது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1934 முதலே பார்னார்டு கதிரியல் நிலையம் இயங்கிவந்தது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கிற்று. அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப்புற்று நோயாளிகளுக்குக் கதிரோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வுகளை 1960-களிலேயே மேற்கொண்டனர். பின்னர் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட பிளியோமைசினை வைத்து ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வும் நடத்தினர். வெற்றிலை பாக்கும் புகையிலையும் தந்த நோய்க்கு வெளிநாட்டார் விடை தேடித் தருவார்கள் என்று காத்திராமல் தாமே தேடியவர்கள் அவர்கள். அந்நாளில் மேனாடுகளிலும் கதிரும் மருந்தும் சேர்ந்த சிகிச்சை இளங்குழவிதான்.

கருப்பை வாய்ப் புற்றில் வெற்றி தந்த மருந்து வேறு திசையிலிருந்து வந்தது. அதன் கதை வேதியியல் மாணவர்களுக்கு விருந்து. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்னும் பௌதிகப் பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். உயிரணுக்கள் பிளவுபடுவதில் மின்புலத்திற்கு ஏதேனும் பங்குண்டா என்று அறிய விரும்பி, பாக்டீரியா வளரும் கரைசலில் பிளாட்டின மின்வாய்களை வைத்து மின்னோட்டம் செலுத்தினார். பாக்டீரியாக்கள் பிளவுபடுவதை நிறுத்திவிட்டன; ஆனால் வளர்வதை நிறுத்தவில்லை! இயல்பான நீளத்தைப்போல் முந்நூறு மடங்கு வரை நூல்போல் நீண்டன. மின்சாரத்தின் வேலை என்றே முதலில் யாருக்கும் தோன்றும். ரோசன்பர்க் குழுவினர் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக் கடைசியில் உண்மையைப் பிடித்தனர். எளிதில் கரையாதது என்று நம்பப்பட்ட பிளாட்டினம் சிறிதளவு கரைந்து, கரைசலிலிருந்த அம்மோனியத்தோடும் குளோரைடோடும் கூடிப் புதிய சேர்மமாகியிருந்தது. மின்சாரம் குற்றவாளி அன்று. குற்றவாளியை வண்டியேற்றிக் கொண்டுவந்தது மட்டுமே அதன் வேலை.

அந்தச் சேர்மமும் புதியதன்று. 1840-களிலேயே இத்தாலியர் பெய்ரோன் செய்துவைத்தது. ஒரு பிளாட்டின அணுவைச் சுற்றி இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரின். இரு குளோரின்களும் ஒரே பக்கத்தில் இருப்பது ஒரு வகை. எதிரெதிரே இருப்பது மறுவகை. இவ்விரண்டின் வடிவ வேறுபாட்டை 1893-இல் வெர்னர் விளக்கியதை நாம் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மறந்தும் இருக்கிறோம். ஒரே பக்க வகைதான் சிஸ்பிளாட்டின். எதிர்ப்பக்க வகைக்குப் புற்றை அடக்கும் ஆற்றல் இல்லை. ஐசோமர் என்பது கரும்பலகையில் மட்டும் வாழும் வேறுபாடு என்று எண்ணியிருந்த எனக்கு இதைப் படித்தபோது வியப்பாயிற்று. 1978-இல் இம்மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதலில் விதைப்பைப் புற்றுக்கும் சூலகப் புற்றுக்கும்.

சிஸ்பிளாட்டின் இரத்தத்தில் இருக்கும்வரை பெரும்பாலும் அமைதியாயிருக்கும். இரத்தத்தில் குளோரைடு மிகுதி. ஆதலால் மருந்திலுள்ள குளோரின் கழன்று விழுவதில்லை. உயிரணுவின் உள்ளே குளோரைடு குறைவு. அங்கே நீர் அதன் இடத்தைப் பிடிக்கிறது; பிளாட்டினத்தின் இரண்டு கைகளும் விடுபடுகின்றன. அக்கைகளால் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள குவானின்களைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. இழை அவ்விடத்தில் வளைந்து கோணுகிறது. இப்பொழுது கதிர் வந்து முறிவுகளை உண்டாக்கினால், தைக்க வரும் நொதிகளுக்கு வேலை இரட்டிப்பாகிறது. கட்டு ஒருபுறம், கிழிசல் ஒருபுறம். இயல்பாகத் தைத்துக்கொண்டிருக்கக்கூடிய முறிவும் தைக்கப்படாமல் நின்றுவிடுகிறது. நாற்பதாண்டு துரத்திய பிராணவாயு கைக்கு அகப்படாதிருக்க, காயத்தை நிலைக்கச் செய்யும் வேறொரு படிகாரம் மின்வாயிலிருந்து கிடைத்தது என்று சொல்லலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முற்றிய கருப்பை வாய்ப் புற்றுக்குச் சிஸ்பிளாட்டினைத் தனியே கொடுத்தால் சிலருக்குக் கட்டி சிறுத்து, சில மாதங்களில் மீண்டும் வளரும். நோயைக் குணப்படுத்துவது கதிர். கதிரின் கையை வலுப்படுத்துவது மருந்து.

எவ்வளவு வலுப்படுத்துகிறது? 1999 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மருத்துவர்கள் அனைவருக்கும் ஓர் அவசர அறிவிப்பு விடுத்தது. ஐந்து பெரிய ஆய்வுகளில், சிஸ்பிளாட்டினைக் கதிரோடு சேர்த்தபோது இறப்பு நூற்றுக்கு 30 முதல் 50 வரை குறைந்திருந்தது. அவற்றுள் ஒன்றில் 5 ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர், கதிர் மட்டும் பெற்றவரில் 100-க்கு 58 பேர். மருந்தும் சேர்த்துப் பெற்றவரில் 73 பேர். ஒரே ஆண்டில் உலகெங்கும் சிகிச்சை முறை மாறிற்று. ஆனால் 2002-இல் வெளிவந்த கனடா நாட்டு ஆய்வில் இவ்வேறுபாடு 58-க்கு 62 என்ற அளவிலேயே நின்றது. தற்செயல் என்று ஒதுக்கத்தக்க வேறுபாடு. பல நாட்டு ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து 2008-இல் கணக்கிட்டபோது மெய்யான ஆதாயம் 60-லிருந்து 66 என்று தெரிந்தது. தொடக்க நிலையில் நூற்றுக்கு 10 பேர் கூடுதலாகப் பிழைத்தனர். மூன்றாம் நிலையிலும் அதற்கு மேலும் 3 பேரே.

இந்த 3 என்ற எண்தான் நம் நாட்டுக்குத் தலைவலியாயிற்று. நம்மிடம் வருவோர் பெரும்பாலும் முற்றிய நிலையினர். இரத்தசோகை உள்ளவர், உடல் மெலிந்தவர், சிறுநீரகம் பாதிப்புற்றவரும் உண்டு. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. நூற்றில் மூவருக்காக மற்றவரை அல்லலுக்கு உள்ளாக்குவது தகுமா? இவ்வினாவுக்கு அமெரிக்கப் பெண்களை வைத்து விடை சொல்ல முடியாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் டாக்டர் சியாம் கிஷோர் ஸ்ரீவாஸ்தவாவும் அவர்தம் குழுவினரும் 2003 முதல் 2011 வரை, மூன்றாம் நிலையின் பி பிரிவைச் சேர்ந்த 850 பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பாதிக்குக் கதிர் மட்டும். மறுபாதிக்குக் கதிரோடு வாராவாரம் சிஸ்பிளாட்டின். முடிவு 2018-இல் வெளிவந்தது. 5 ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர் கதிர் மட்டும் பெற்றவரில் 100-க்கு 46. மருந்தும் பெற்றவரில் 54. அதாவது 8 பேர் கூடுதல். அதே ஆண்டில் அதே மருத்துவமனை வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இடைநிலை நோயுள்ள 633 பெண்களிடையே, முதலில் மருந்து கொடுத்துப் பின் அறுவை செய்வதைவிடக் கதிரும் சிஸ்பிளாட்டினும் சேர்ந்த சிகிச்சையே நோய் திரும்பாமல் காப்பதில் மேலானதென்று கண்டனர். "ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் தீர்ந்தது" என்று பிடிவாதம் பிடிக்கும் உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம்.

எண்கள் சிறியவை என்று எண்ண வேண்டாம். ஆனால் இவ்வெட்டுப் பேரும் பிழைப்பது கதிரைக் குறைவறப் பெற்றால்தான். சிகிச்சை முழுதும், அதாவது வெளிக்கதிர் 25 நாள்களும் அதன்பின் கருப்பைக்குள்ளேயே கதிர்மூலத்தைச் சிறிது நேரம் வைத்தெடுக்கும் உட்கதிர் மூன்று நான்கு முறைகளும், 8 வாரத்திற்குள் முடிந்தாக வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நோயை அடக்கும் வாய்ப்பு நூற்றில் அரை முதல் ஒன்று வரை குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. சாகாமல் எஞ்சிய புற்று உயிரணுக்கள் இடைவெளி கிடைத்தவுடன் முன்னிலும் விரைவாகப் பெருகுவதே காரணம். கணக்குப் பாருங்கள். பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டால், மருந்து சேர்த்து ஈட்டியதெல்லாம் போயிற்று.

தொடக்கத்தில் கேடு என்று சொன்னது இதைத்தான். எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. எங்களைப் போலவே பிழைப்பின்பொருட்டு வந்து குடியேறியவர்கள். அவர்களுள் ஒரு பெரியம்மாவுக்கு இந்நோய். மருத்துவமனையில் தெலுங்கில் சொல்வது அவருக்குப் பாதிதான் விளங்கும். மூன்றாவது ஊசிக்குப் பிறகு வாந்தியால் சோர்ந்து படுத்தவரைப் பார்க்கப் போயிருந்தேன். "தம்பி, ஊசி ஏறினா உடம்பே ஆடுதே, அப்போ அதுதானே பெரிய மருந்து? கரண்ட்டுக்குத் தினம் பஸ் ஏறிப் போக முடியலை. வாரம் ஒரு நாள் போய் ஊசியை மட்டும் போட்டுக்கிறேன்" என்றார். மகனும் அதையே சரி என்றான். நாள்கூலியும் பேருந்துக் கட்டணமும் மிச்சமாகுமே! உடம்பை வருத்துவதே உயர்ந்த மருந்து என்பது நம்மவர் கணிப்பு. வலியில்லாமல் ஐந்து நிமிடத்தில் முடியும் கதிர் அவர்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றுகிறது. கலம்காரித் துணியைக் காட்டித்தான் விளக்கினேன், "படிகாரம் மட்டும் போட்டால் சிவப்பு வருமா, பெரியம்மா?" என்று. மறுநாள் புறப்பட்டார். அதற்குள் 6 நாள் போய்விட்டிருந்தது.

வாந்திக்கு இப்போது நல்ல மருந்துகள் உண்டு, சொன்னால் கொடுப்பார்கள். சொல்லாமல் வீட்டில் கிடப்பதுதான் தவறு. மருந்தின் அளவு உடம்பின் பரப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது; ஒரு சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம். 150 சென்டிமீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 55 மில்லிகிராம் வரும். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் கிரியாட்டினினைச் சோதித்து, முன்னும் பின்னும் உப்புநீரைத் தாராளமாக ஏற்றிய பின்னரே விடுகிறார்கள். மருந்து சிறுநீரகத்தில் தங்காமல் கழுவிக்கொண்டு போவதற்காகத்தான் அந்த நீர். "மருந்து ஒரு பாட்டில், தண்ணீர் மூன்று பாட்டில்; ஏமாற்றுகிறார்கள்" என்று முணுமுணுப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. சிறுநீர் குறைந்தாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ உடனே தெரிவிக்க வேண்டும். சிறுநீரகம் தாங்காதென்று கண்டால் மருத்துவர் மருந்தை நிறுத்துவார், அல்லது மாற்றுவார். கதிர் நிற்காது.

இரத்தசோகையைப் பற்றியும் ஒரு சொல். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 59 பேர் இரத்தசோகை உள்ளவர். இந்நோயிலோ இரத்தப்போக்கும் சேர்கிறது. ஹீமோகுளோபின் குறைந்தால் கட்டிக்குப் போகும் பிராணவாயுவும் குறையும். கிரேயின் கணக்கு நினைவிருக்கும். ஆதலால் 10 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தம் ஏற்றுவது வழக்கம். மாணவர்களாகிய நாம் கொடுக்கக்கூடிய மருந்து இது ஒன்று. அதற்குப் பட்டம் தேவையில்லை.

நாட்டு மருந்து சேர்க்கலாமா என்று கேட்பவர் உண்டு. கேள்வி இழிவானதன்று. அமுக்கராக் கிழங்கின் சத்து கதிரின் ஆற்றலைக் கூட்டுகிறதென்று மணிப்பாலில் 1990-களில் எலிகளின் கட்டிகளில் செய்த ஆய்வுகள் உண்டு. எலியிலிருந்து மனிதருக்கு வர மிசோனிடசோல் பட்ட பாட்டை முன்னரே பார்த்தோம். மேலும், பல மூலிகைகள் ஹைட்ராக்சில் போன்ற துண்டுகளைத் துடைத்தெடுக்கும் தன்மையுடையவை. மற்ற நாளில் அது நல்லது. கதிர் பெறும் நாளில் எது வேலை செய்ய வேண்டுமோ அதையே துடைத்துவிடக்கூடும். மருத்துவரிடம் மறைத்துச் சாப்பிடுவது மட்டும் கூடாது.

2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இப்போது திருப்பதி மாவட்டத்திலுள்ள காளஹஸ்தியிலிருந்து இச்சிகிச்சைக்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ போய்த் தங்க வேண்டிய கட்டாயம் இன்று இல்லை. ஸ்விம்ஸ் என்று எல்லாரும் அழைக்கும் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் கதிர்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. டாட்டா அறக்கட்டளையின் முயற்சியால் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையும் 2022 மே மாதத்தில் திருப்பதியில் திறக்கப்பட்டது. 2007-இல் ஆரோக்கியஸ்ரீ என்ற பெயரில் தொடங்கிப் பின்னர்ப் பெயர் மாறிய மாநில அரசின் திட்டத்தில் ஏழைகளுக்குக் கதிரும் மருந்தும் செலவின்றிக் கிடைக்க வழியுண்டு. ஆனால் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் ஏழைகளுக்குச் சுமையே. மருத்துவமனை வரிசையில் தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் விழித்துக்கொண்டு நின்றால், இரு மொழியும் அறிந்த நம் மன்றத்து நண்பர்கள் இரண்டு நிமிடம் நின்று கேட்டுச் சொல்லலாம்.

ஆராய்ச்சி மேலும் நடக்கிறது. கதிரைத் தொடங்குமுன் 6 வாரம் கார்போபிளாட்டினும் பாக்ளிடாக்சலும் கொடுத்துப் பின்னர் வழக்கமான சிகிச்சையைச் செய்த இன்டர்லேஸ் என்னும் ஆய்வு, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 500 பெண்களிடையே நடந்தது. 2024-இல் வெளிவந்த முடிவின்படி 5 ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர் 72-லிருந்து 80 ஆக உயர்ந்தனர். அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, உடம்பின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தைச் சேர்த்தபோது 3 ஆண்டு கழித்து 75 பேருக்குப் பதில் 83 பேர் உயிரோடிருந்ததைக் காட்டிற்று. பின்னதன் விலை ஒரு வேளைக்கே இலட்சக்கணக்கில் போகும். இப்போதைக்கு நம் தெருக்களுக்கு எட்டாது. முன்னதில் சேரும் இரண்டு மருந்துகளும் நம் நாட்டிலேயே தயாராகின்றன; விலையும் கைக்கெட்டுவது. ஆயினும் அவ்வாய்வில் சேர்ந்தவர்களுள் மூன்றாம் நிலையினர் சிறு பகுதியே. நம்மிடம் வரும் முற்றிய நோயாளிகளுக்கு அந்த 6 வார மருந்து பயன் தருமா, அல்லது கதிர் தொடங்குவதை 6 வாரம் தள்ளிப்போட்டதாக மட்டும் முடியுமா என்பதற்கு, மும்பையில் 850 பெண்களிடம் செய்ததுபோல இங்கேயே ஓர் ஆய்வு நடந்தால்தான் விடை கிடைக்கும்.